படத்தில் மட்டும் எழுத்து கெடுகிறதா? லேடெக் வரைபடங்களின் எழுத்துருப் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

லேடெக்கில் (கட்டுரைகளை அச்சுக்கோக்கும் நிரல்) எழுதிய கட்டுரையின் உடல்பகுதியில் எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கும். நடுவில் வரும் வரைபடத்தில் மட்டும் அச்சுகளின் பெயர் மங்கலாகவோ, வேறு எழுத்துருவிலோ, பாதி எழுத்து விழுந்தோ கிடக்கும். பெரும்பாலும் காரணம் இதுதான்: படம் வேறொரு ஓட்டத்தில் உருவாகிறது. படம் வரையும் கருவிகளான அசிம்ப்டோட், மெட்டாபோஸ்ட், மேட்பிளாட்லிப், தனிக் கோப்பாகத் தொகுக்கும் டிக்ஸ் என எதை எடுத்தாலும், எழுத்தை லேடெக்கிடம் விட்டால் பின்னணியில் தனியாக ஒரு டெக்கையோ லேடெக்கையோ ஓட்டுகிறது, அல்லது லேடெக்கின் எழுத்துருப் பட்டியலைத் தானே படிக்கிறது. உங்கள் முதன்மைக் கோப்பில் செய்த ஏற்பாடுகள் அதற்குத் தெரியாது. ஆகவே எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த எழுத்துருவைத் தேடியது யார், எந்தப் பட்டியலில்?

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மாறாமல் அடித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

லேடெக்கின் அடியில் ஓடும் இயந்திரமான டெக் ஒரு எழுத்தைப் பக்கத்தில் வைக்கும்போது அதன் உருவத்தைப் பார்ப்பதே இல்லை. அகலம், உயரம், ஆழம் தெரிந்தால் அதற்குப் போதும். அந்த அளவுகள் டிஎஃப்எம் கோப்பில் இருக்கின்றன. உருவம் இருக்கும் பிஎஃப்பி கோப்பு தேவைப்படுவது கடைசியில், பிடிஎஃப்பை எழுதும்போதுதான். இடையில் ஒரு சங்கிலி இருக்கிறது. பேக்கேஜ் ஒரு எழுத்துருக் குடும்பத்தின் பெயரைச் சொல்லும். எஃப்டி கோப்பு அந்தக் குடும்பப் பெயரை டிஎஃப்எம் பெயராக மாற்றும். மேப் கோப்பு அந்த டிஎஃப்எம் பெயருக்கு எந்த பிஎஃப்பி, எந்த என்கோடிங் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒழுங்கு) என்று சொல்லும். எந்தக் கண்ணி அறுந்தாலும் அறிகுறி வேறுவேறாக இருக்கும். பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால், எந்தக் கண்ணி என்று அதுவே சொல்லிவிடும்.

இது பிடிஎஃப்லேடெக்கின் கதை; லேடெக்கை ஓட்டும் மற்ற இரண்டு வழிகளான ஸீலேடெக்கும் லுவாலேடெக்கும் வேறு மாதிரி. ஸீலேடெக் எழுத்துருவின் பெயரை வைத்துத் தேடினால் லினக்ஸில் கணினியின் எழுத்துருப் பட்டியலை வைத்திருக்கும் ஃபாண்ட்கான்ஃபிக்கைக் கேட்கும். லுவாலேடெக் லுவாஓடிஎஃப்லோட் கட்டி வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும். கோப்புப் பெயரைக் கொடுத்தால் இரண்டுமே டெக்கின் கோப்புத் தேடும் நூலகமான கேபாத்ஸீ வழியாக டெக்ஸ்எம்எஃப் மரங்களுக்குள் (டெக் நிறுவலின் கோப்புறைகள்) தேடும். ஆக மூன்று தனித்தனிப் பட்டியல்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கையில் வைத்திருக்க வேண்டிய கருவிகள் மூன்று. முதலாவது பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்: ஒரு பிடிஎஃப்புக்குள் என்ன எழுத்துருக்கள், என்ன வகை, உட்பொதிந்திருக்கிறதா என்று வரிசையாகக் காட்டும். அடுத்தது கேபிஎஸ்இவிச்: ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், டெக் அதை எங்கிருந்து எடுக்கும் என்று முழுப் பாதையையும் சொல்லும், ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் டெக்கின் கண்ணில் அது இல்லை என்று பொருள். மூன்றாவது லாக் கோப்பு. திரையில் ஓடி மறைவதை நம்ப வேண்டாம், லாக்கைத் திறந்து படியுங்கள். படத்தை வேறு நிரல் உருவாக்குகிறது என்றால், அந்த நிரலின் தற்காலிகக் கோப்புறையில் உள்ள லாக்கைத்தான் படிக்க வேண்டும்.

"மெட்ரிக் டிஎஃப்எம் ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று ஓட்டம் நிற்கிறது

எளிய வகை. அளவுக் கோப்பே கிடைக்கவில்லை. செய்தியில் வரும் பெயரை, உதாரணமாக பிடிஎம்ஆர்8டி என்பதை, டிஎஃப்எம் என்ற பின்னொட்டோடு கேபிஎஸ்இவிச்சிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால் அந்த எழுத்துருத் தொகுப்பு நிறுவப்படவில்லை, நிறுவினால் முடிந்தது.

கோப்பு வட்டில் கண்ணெதிரே இருந்தும் கேபிஎஸ்இவிச் இல்லை என்றால், அதை நீங்களே டெக்ஸ்எம்எஃப்-லோக்கல் மரத்துக்குள் நகலெடுத்து வைத்திருப்பீர்கள். அந்த மரத்தில் கேபாத்ஸீ வட்டைத் துழாவுவதில்லை. எல்எஸ்-ஆர் என்ற பட்டியலை மட்டும் பார்க்கிறது. எம்கேடெக்ஸ்எல்எஸ்ஆர் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் பட்டியல் புதுப்பிக்கப்படும். வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் டெக்ஸ்எம்எஃப்-ஹோம் மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அதை நேரடியாகத் துழாவும். மிக்டெக் என்ற டெக் விநியோகத்தைப் பயன்படுத்துவோருக்கு இதே வேலையைச் செய்வது இனிடெக்ஸ்எம்எஃப் கட்டளையின் அப்டேட்-எஃப்என்டிபி சுவிட்ச்.

ஓட்டம் முடிகிறது, ஆனால் எழுத்து கேட்டது அல்ல

லாக்கில் "ஃபாண்ட் ஷேப் அன்டிஃபைண்ட்" என்று தொடங்கி, இன்னது பதிலாகப் பயன்படுத்தப்பட்டது என்று முடியும் வரியைத் தேடுங்கள். இங்கே அறுந்தது எஃப்டி கண்ணி. குடும்பப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். அல்லது பெயர் சரிதான், கேட்ட என்கோடிங்கில் அந்தக் குடும்பத்துக்கு எஃப்டி கோப்பு இல்லை. ஓடி1 என்ற பழைய என்கோடிங்குக்கு இருக்கும், டி1 என்ற புதியதற்கு இருக்காது. தடித்த எழுத்து இருக்கும், அதில் சாய்வு இருக்காது. லேடெக் இதை எச்சரிக்கையாக மட்டும் சொல்லிவிட்டு, வடிவம் மட்டும் இல்லை என்றால் அதே குடும்பத்தின் வேறு வடிவத்தையும், குடும்பமே இல்லை என்றால் தன் இயல்பு எழுத்துருவான கம்ப்யூட்டர் மாடர்னையும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

வரைபடங்களில் இதற்கு ஒரு தம்பி உண்டு: அளவு மாற்று. பெரிய தலைப்பு எழுத்து கேட்கிறீர்கள், லாக்கில் "இந்த அளவு கிடைக்கவில்லை, 24.88 பதிலாக" என்று வருகிறது. கம்ப்யூட்டர் மாடர்ன் ஓடி1-இல் குறிப்பிட்ட அளவுப் படிகளோடுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது, உச்சப் படி 24.88. ஃபிக்ஸ்-சிஎம் பேக்கேஜை டாக்குமென்ட்கிளாஸ் வரிக்கு முன்னால் ஏற்றினாலோ, எல்மாடர்ன் என்ற எழுத்துருப் பேக்கேஜுக்கு மாறினாலோ தீரும். அசிம்ப்டோட்டில் ஃபாண்ட்சைஸ் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்தால் போதும்.

மேட்பிளாட்லிப்பின் பிஜிஎஃப் பின்முனையில் (படத்தை லேடெக் வழியாக எழுதும் பகுதி) எழுத்து மாறினால் எஃப்டியைத் தேடிப் போக வேண்டாம். பிஜிஎஃப்.ஆர்சிஃபாண்ட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே ட்ரூ. அது மேட்பிளாட்லிப்பின் சொந்த எழுத்துருத் தேர்வை உங்கள் முன்னுரைக்கு (ஆவணம் தொடங்கும் முன் வரும் அமைப்பு வரிகள்) மேல் ஏற்றிவிடும். ஃபால்ஸ் ஆக்குங்கள். அதே பின்முனை, சொல்லாவிட்டால் ஸீலேடெக்கைத்தான் கூப்பிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெரிதாக்கினால் எழுத்து படிக்கட்டு போலத் தெரிகிறது

அதிகம் வருவது இதுதான், இதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். பிடிஎஃப்பை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குங்கள். கோடுகள் வழவழப்பாக இருந்து எழுத்தின் ஓரம் மட்டும் பல் பல்லாகத் தெரிந்தால், உள்ளே இருப்பது பிட்மேப் எழுத்துரு, அதாவது புள்ளிகளால் ஆனது. பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் ஓட்டினால் வகைப் பத்தியில் டைப் 3 என்று வரும், பெயர்ப் பத்தியில் பெரும்பாலும் எழுத்துருவின் பெயர் இருக்காது.

எப்படி வந்தது? டிஎஃப்எம் கிடைத்தது, பக்கம் அடுக்கப்பட்டது. கடைசியில் மேப் கோப்பில் அந்தப் பெயருக்கு வரியே இல்லை. உடனே எம்கேடெக்ஸ்பிகே ஓடி, எழுத்துரு வரையும் நிரலான மெட்டாஃபாண்டின் மூலத்திலிருந்து அங்குலத்துக்கு 600 புள்ளி நுணுக்கத்தில் ஒரு பிகே கோப்பை, அதாவது பிட்மேப் கோப்பைத் தயாரித்துக் கொடுத்துவிட்டது. மெட்டாஃபாண்ட் மூலமும் இல்லை என்றால் "இசிஆர்எம்1000 அட் 600 நாட் ஃபவுண்ட்" என்று ஓட்டம் நின்றுவிடும், மிஸ்ஃபாண்ட்.லாக் என்ற கோப்பில் அந்தப் பெயர் பதிவாகும். இரண்டும் ஒரே நோய்தான். நிற்பது நல்லது என்பேன். மங்கலாக ஓடி முடிவதை யாராவது அச்சில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இதில் பத்துக்கு ஒன்பது முறை மாட்டுவது இசிஆர்எம்1000-தான். ஃபாண்ட்என்க் பேக்கேஜில் டி1 என்று போட்டுவிட்டு, குடும்பம் எதையும் மாற்றாமல் விட்டால் லேடெக் கேட்பது இந்த எழுத்துருவை. அதன் வெளிக்கோட்டு வடிவம் சிஎம்-சூப்பர் தொகுப்பில் எஸ்எஃப்ஆர்எம்1000 என்ற பெயரில் இருக்கிறது. அந்தத் தொகுப்பு பெரியது என்பதால் சுருக்கமான நிறுவல்களில் சேர்ப்பதில்லை. எனவே சிஎம்-சூப்பரை நிறுவுங்கள், அல்லது முன்னுரையில் எல்மாடர்னை ஏற்றுங்கள். நான் இரண்டாவதையே சொல்வேன், ஏனென்றால் அது கோப்போடு கூடவே பயணம் செய்யும். அடுத்தவர் கணினியில் எது நிறுவப்பட்டிருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் படத்தை உருவாக்கும் நிரலின் முன்னுரையிலும் அந்த வரி இருக்க வேண்டும். கட்டுரையில் மட்டும் போட்டுவிட்டு, படம் மாறவில்லையே என்று தேடுபவர்கள்தான் அதிகம்.

மேட்பிளாட்லிப்பில் யூஸ்டெக்ஸ் (எழுத்தை லேடெக்கே அமைக்கச் சொல்லும் அமைப்பு) போட்டிருந்தால் இதே பிழை வேறு வேஷத்தில் வரலாம்: டெக் எழுத்துருவுக்கு இணையான போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துரு பிடிஎஃப்டெக்ஸ்.மேப்பில் கிடைக்கவில்லை என்று பைதான் பிழை எறியும். மருந்து ஒன்றே, சிஎம்-சூப்பர்.

சரி, தொகுப்பையும் நிறுவியாயிற்று, இன்னும் மங்கல் போகவில்லை. இப்போது பிடிஎஃப்டெக்ஸ்.மேப் என்ற பெயரை, ஆல் என்ற சுவிட்சோடு கேபிஎஸ்இவிச்சிடம் கேளுங்கள். ஒரே பாதை வந்தால் நல்லது. இரண்டு வந்து, முதலாவது உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் இருந்தால் திருடன் அகப்பட்டான். எப்போதோ யாரோ அப்ட்மேப்-யூசர் கட்டளையை ஓட்டியிருக்கிறார்கள். அது உங்களுக்கென்று தனி மேப்பை உருவாக்கி வைக்கும். அன்றிலிருந்து கணினி முழுமைக்கான மேப்பில் என்ன சேர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது, உங்கள் பழைய நகல் முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருக்கும். டெக் லைவ் என்ற விநியோகத்தின் 2017 பதிப்பிலிருந்து வெறும் அப்ட்மேப் என்று அடித்தால் ஓடாது. சிஸ் அல்லது யூசர் என்று சொல்லியாக வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான் அந்த மாற்றம். தீர்வு: வீட்டுக் கோப்புறையில் உள்ள டெக்ஸ்எம்எஃப்-வார் மரத்தில் ஃபாண்ட்ஸ், மேப் என்று போகும் கோப்புறையையும், டெக்ஸ்எம்எஃப்-கான்ஃபிக் மரத்தில் உள்ள அப்ட்மேப்.சிஎஃப்ஜி கோப்பையும் நகர்த்தி வையுங்கள். பிறகு நிர்வாகி உரிமையோடு அப்ட்மேப்-சிஸ் ஓட்டுங்கள். நீங்களே சேர்த்த எழுத்துரு என்றால் அதன் மேப்பை அப்ட்மேப்-சிஸ் கட்டளையின் எனேபிள் சுவிட்சால் பதிவு செய்ய வேண்டும்.

நிர்வாகி உரிமை இல்லாத கணினியில்? யூசர் பக்கம் போக வேண்டாம். முன்னுரையில் பிடிஎஃப்மேப்ஃபைல் கட்டளைக்குள் மேப் கோப்பின் பெயரை, முன்னால் கூட்டல் குறியோடு கொடுங்கள். டெக்கின் வெளியீட்டைப் போஸ்ட்ஸ்கிரிப்ட்டாக மாற்றும் டிவிஐபிஎஸ்ஸில் அதற்கு யூ சுவிட்ச், மெட்டாபோஸ்ட்டில் ஃபாண்ட்மேப்ஃபைல். மூன்றும் தனித்தனி, கட்டுரையில் சொன்னது மெட்டாபோஸ்ட்டின் காதில் விழாது.

இன்னொன்று. டைப் 3 என்று பார்த்ததுமே பிட்மேப் என்று முடிவு கட்ட வேண்டாம். மேட்பிளாட்லிப் இயல்பாக எழுதுவதும் டைப் 3-தான், ஆனால் அது வெளிக்கோட்டு வடிவம், பெரிதாக்கினாலும் வழவழப்பாகவே இருக்கும். இருந்தும் டைப் 3 எதுவானாலும் ஏற்கமாட்டோம் என்று சொல்லும் இதழ்கள், மாநாடுகள் இருக்கின்றன. அவர்களுக்காக பிடிஎஃப்.ஃபாண்ட்டைப் அமைப்பை 42 ஆக்குங்கள், பிஎஸ்.ஃபாண்ட்டைப்பையும் சேர்த்து. எழுத்துரு ட்ரூடைப்பாக உள்ளே போகும்.

டெர்மினலில் சரி, நிரலுக்குள்ளிருந்து ஓட்டினால் தவறு

நீங்கள் ஓட்டும் லேடெக்கும் நிரல் ஓட்டும் லேடெக்கும் வேறு. மெனுவிலிருந்து திறக்கும் நிரல்களுக்கு ஷெல்லின் அமைப்புக் கோப்பில் எழுதிய பாத் மாறி போய்ச்சேராது. மேக் கணினியில் மேக்டெக் நிறுவினால் நிரல்கள் இருப்பது லைப்ரரி, டெக், டெக்ஸ்பின் என்ற பாதையில். அந்தப் பாதையை நிரலின் சொந்த அமைப்பில் எழுதிவிடுங்கள். லினக்ஸில் விநியோகத்தின் டெக் லைவ் ஒன்று, தனியே இறக்கிய டெக் லைவ் இன்னொன்று என்று இரண்டு குடியிருந்தாலும் இதே கதை. உறுதி செய்ய எளிய வழி: நிரலுக்குள்ளிருந்தே கேபிஎஸ்இவிச்சைக் கூப்பிட்டு, டெக்ஸ்எம்எஃப்டிஸ்ட் மாறியின் மதிப்பை அச்சிடச் சொல்லுங்கள். தனியே இறக்கியது என்றால் பாதையில் பொதுவாக ஆண்டு தெரியும், விநியோகத்தினது என்றால் பாதையே வேறாக இருக்கும், எந்த டெக் லைவ் என்று தெரிந்துவிடும்.

எழுத்துருக் கோப்பைக் கட்டுரைக் கோப்புறையிலேயே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம். படம் வேறு கோப்புறையில் தொகுக்கப்படும்போது "நடப்புக் கோப்புறை" என்பதே மாறிவிடும். ஸீலேடெக்கிலும் லுவாலேடெக்கிலும் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பேக்கேஜான ஃபாண்ட்ஸ்பெக்கின் பாத் விருப்பத்தில் முழுப் பாதை கொடுங்கள், அல்லது எழுத்துருவை டெக்ஸ்எம்எஃப்-ஹோமுக்கு நகர்த்துங்கள்.

கேஷ் (முன்பு உருவாக்கியதைச் சேமித்து வைக்கும் இடம்) விவகாரமும் இங்கேதான் வரும். மேட்பிளாட்லிப் யூஸ்டெக்ஸில் உருவாக்கிய துண்டுகளை டெக்ஸ்.கேஷ் என்ற கோப்புறையில் வைத்துக்கொள்ளும். டெக் பக்கம் சரிசெய்த பிறகும் பழைய துண்டையே எடுத்து ஒட்டலாம். கெட்கேஷ்டிர் என்ற செயற்கூறு இடத்தைக் காட்டும். அங்கே உள்ள டெக்ஸ்.கேஷையும், ஃபாண்ட்லிஸ்ட் என்று தொடங்கும் கோப்பையும் அழித்துவிடுங்கள். "ஃபைண்ட்ஃபாண்ட்: ஃபாண்ட் ஃபேமிலி நாட் ஃபவுண்ட்" என்ற புலம்பலுக்கும் பல நேரம் இதுவே மருந்து.

ஃபாண்ட்ஸ்பெக் "கேனாட் பி ஃபவுண்ட்" என்கிறது, எழுத்துருவோ கணினியில் இருக்கிறது

முதலில் எஃப்சி-லிஸ்ட் ஓட்டி, அந்தப் பெயரை வடிகட்டிப் பாருங்கள். அங்கே தெரியும் குடும்பப் பெயரை அப்படியே, இடைவெளியோடு எழுதுங்கள். பாதிப் பிழைகள் இங்கேயே தீரும். எஃப்சி-மேட்சை நம்பாதீர்கள், அது எப்போதும் ஏதோ ஒரு பதிலைத் தரும், இல்லாத எழுத்துருவைக் கேட்டாலும் தரும்.

எஃப்சி-லிஸ்ட்டில் இல்லை, ஆனால் டெக் லைவ்வுக்குள் இருக்கிறது என்றால், லினக்ஸின் ஃபாண்ட்கான்ஃபிக்குக்கு டெக் லைவ்வின் கோப்புறைகளை யாரும் அறிமுகம் செய்யவில்லை. டெக்ஸ்லைவ்-ஃபாண்ட்கான்ஃபிக்.கான்ஃப் என்ற கோப்பு அதற்காகவே வருகிறது. அதை 09-டெக்ஸ்லைவ்.கான்ஃப் என்ற பெயரில் ஃபாண்ட்கான்ஃபிக்கின் கான்ஃப்.டி கோப்புறைக்குள் நகலெடுத்து எஃப்சி-கேஷ் ஓட்டுங்கள். இவ்வளவு வேண்டாம் என்றால், பெயருக்குப் பதிலாகக் கோப்புப் பெயரைப் பின்னொட்டோடு கொடுங்கள்; கேபாத்ஸீ தேடிக்கொள்ளும். பலர் சேர்ந்து எழுதும் வேலையில் நான் எப்போதும் கோப்புப் பெயரையே பரிந்துரைப்பேன். குடும்பப் பெயர் ஒவ்வொரு கணினியிலும் வேறு பதிப்பைச் சுட்டலாம்.

லுவாலேடெக் மட்டும் முரண்டு பிடித்தால் லுவாஓடிஎஃப்லோட்-டூல் கட்டளையை அப்டேட், ஃபோர்ஸ் இரண்டு சுவிட்சுகளோடு ஓட்டுங்கள். பட்டியல் முழுதாகப் புதுப்பிக்கப்படும், கொஞ்சம் நேரம் எடுக்கும். பிறகு ஃபைண்ட் சுவிட்சில் பெயரைக் கொடுத்துப் பார்த்தால், எந்தக் கோப்பைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

மெட்டாபோஸ்ட் படம் கட்டுரைக்குள் சரி, தனியே திறந்தால் அலங்கோலம்

பிழையே அல்ல. புரோலாக்ஸ் மாறி இயல்பாக 0. அந்த நிலையில் மெட்டாபோஸ்ட் எழுத்துருவின் பெயரை மட்டும் எழுதிவைக்கும். உருவத்தைச் சேர்ப்பது பின்னால் வரும் டெக்கின் வேலை. தனியே பார்க்க வேண்டுமானால் கோப்பின் தலையில் புரோலாக்ஸை 3 ஆக்குங்கள். அப்போது எழுத்துருத் துண்டுகளும் உள்ளே போகும்.

இதோடு ஒரு வேடிக்கை. லேபிளில் இரட்டை மேற்கோளுக்குள் இரண்டு சொற்களை எழுதுகிறீர்கள். வெளியீட்டில் அவற்றுக்கு நடுவே இடைவெளி இல்லை, குட்டியாக ஒரு கோடு நிற்கிறது. எழுத்துரு கெட்டுப்போகவில்லை. மேற்கோளுக்குள் இருப்பதை மெட்டாபோஸ்ட் டெக்குக்கு அனுப்புவதில்லை, நேரே சிஎம்ஆர்10-இல் எழுத்தெழுத்தாக வைக்கிறது. சிஎம்ஆர்10-இன் 32-ஆம் இடத்தில் இடைவெளி கிடையாது. போலிஷ் மொழியின் வெட்டுக்கோட்டு எல் எழுத்துக்கான கோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது. லேபிளை பிடெக்ஸ், ஈடெக்ஸ் இரண்டுக்கும் நடுவே எழுதுங்கள், சரியாகிவிடும். அங்கே லேடெக் கட்டளைகள் வேண்டுமானால் மெட்டாபோஸ்ட்டை டெக்ஸ் சுவிட்சில் லேடெக் என்று சொல்லி ஓட்ட வேண்டும். சொல்லாவிட்டால் வெறும் டெக்கையே கூப்பிடும்.

"எழுத்துருக்கள் உட்பொதிக்கப்படவில்லை" என்று கோப்பு திரும்பி வந்தது

பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் வெளியீட்டில் எம்ப் என்ற பத்தியைப் பாருங்கள். நோ என்று இருக்கும் வரிகள்தான் குற்றவாளிகள். பக்கத்திலேயே சப் என்ற பத்தி இருக்கும். அதில் யெஸ் என்றால் தேவையான எழுத்துகள் மட்டும் சேர்க்கப்பட்டுள்ளன, பெயருக்கு முன்னால் ஆறு பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் இருக்கும். அது பிழையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

நோ என்று வருவது பெரும்பாலும் ஹெல்வெடிகா, டைம்ஸ், கூரியர், சிம்பல், ஸாஃப் டிங்பேட்ஸ் இவற்றில் ஒன்று. பிடிஎஃப்பின் அடிப்படை 14 எழுத்துருக்கள் இவைதான்: முதல் மூன்றும் நான்கு நான்கு வடிவம், மற்ற இரண்டும் ஒவ்வொன்று. பார்க்கும் கருவியிலேயே இவை இருக்கும் என்ற பழைய நம்பிக்கையில் பல நிரல்கள் இவற்றைச் சேர்ப்பதில்லை. ஆர் மொழியின் பிடிஎஃப் சாதனம் இதற்கு நல்ல உதாரணம். கெய்ரோ-பிடிஎஃப் சாதனத்துக்கு மாறினால் எழுத்துரு உள்ளே வந்துவிடும். மாற முடியாவிட்டால் எம்பெட்ஃபாண்ட்ஸ் செயற்கூறு, பிடிஎஃப்பை மறுபடி எழுதும் நிரலான கோஸ்ட்ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட்டு அதே வேலையைச் செய்யும்.

முக்கியமான விஷயம்: பிடிஎஃப்லேடெக் ஒரு பிடிஎஃப் படத்தை உள்ளே இழுக்கும்போது, அதில் இல்லாத எழுத்துருவைத் தானாகச் சேர்த்துத் தராது. கட்டுரையை எத்தனை முறை தொகுத்தாலும் குறை அப்படியே இருக்கும். எனவே ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே பிடிஎஃப்ஃபாண்ட்ஸில் போட்டு, எது என்று பிடியுங்கள். மூலத்திலேயே சரிசெய்வதுதான் சுத்தமான வழி.

மூலம் கையில் இல்லை, படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட்: சாதனம் பிடிஎஃப்ரைட், பிடிஎஃப்செட்டிங்ஸ் பிரீபிரஸ் என்று கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். ஹெல்வெடிகா இடத்தில் நிம்பஸ் சான்ஸ், டைம்ஸ் இடத்தில் நிம்பஸ் ரோமன் வந்து உட்காரும். அகலங்கள் ஒன்றே என்பதால் அடுக்கு கலையாது. ஆனால் இந்த வசதி அடிப்படை எழுத்துருக்களுக்கு மட்டும்தான். வேறு ஏதோ எழுத்துரு விட்டுப்போயிருந்து, அது உங்கள் கணினியிலும் இல்லை என்றால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் கைக்குக் கிடைத்ததை வைத்து நிரப்பிவிடும். எம்ப் பத்தி யெஸ் என்று சிரிக்கும், படம் தப்பாக இருக்கும். ஆகவே மாற்றிய பிறகு கண்ணாலும் ஒருமுறை பாருங்கள். எதற்கும் மசியாத படத்துக்கு நோஅவுட்புட்ஃபாண்ட்ஸ் என்ற சுவிட்ச் இருக்கிறது. எழுத்தையெல்லாம் வெறும் வளைகோடுகளாக மாற்றிவிடும். அப்புறம் அந்த எழுத்தைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, அதனால் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிஐபிஎஸ் வழியில் போகிறவர்களுக்கு ஒரு வரி: அப்ட்மேப்பில் டிவிஐபிஎஸ்-டவுன்லோட்-பேஸ்35 என்ற விருப்பம் ட்ரூவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் தனியே முழுசாக இருக்கிறது, கட்டுரைக்குள் போனதும் சில எழுத்து காணவில்லை

அரிதுதான், ஆனால் வந்தால் தலையைச் சுற்ற வைக்கும். படத்தின் பிடிஎஃப்பில் ஒரு டைப் 1 எழுத்துரு சரியாக உட்பொதிந்திருக்கிறது. பிடிஎஃப்டெக் அதைப் பார்த்து, இதே பெயரில் என் மேப்பிலும் ஒன்று இருக்கிறதே என்று படத்திலுள்ளதைக் கைவிட்டு, வட்டில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். கோப்பு சிறிதாகும் என்ற நல்ல எண்ணம்தான். இரண்டும் வெவ்வேறு பதிப்பாக இருந்தால், படத்தில் பயன்பட்ட எழுத்து வட்டிலுள்ளதில் இல்லாமல் போகலாம். முன்னுரையில் பிடிஎஃப்இன்க்ளூஷன்காப்பிஃபாண்ட்ஸ் என்ற மாறியை 1 ஆக்குங்கள். படத்தின் எழுத்துரு படத்தோடேயே வரும், கோப்பு சற்றுப் பெருக்கும், அவ்வளவுதான்.

தமிழ் லேபிள் சிதறுகிறது

"கொடி" என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, புள்ளி வட்டம் முளைக்கிறதா? எழுத்துரு கிடைத்துவிட்டது, எழுத்துகளைக் கோக்கும் வேலை நடக்கவில்லை. லுவாலேடெக்கில் ஃபாண்ட்ஸ்பெக்கின் விருப்பங்களில் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும் ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் கொடுங்கள். எழுத்துகளைக் கோக்கும் நூலகமான ஹார்ஃப்பஸ், டெக் லைவ் 2020 முதல் லுவாலேடெக்குக்குள்ளேயே இருக்கிறது. ஸீலேடெக்கில் ஸ்கிரிப்ட் தமிழ் போதும். அசிம்ப்டோட்டில் செட்டிங்ஸ்.டெக்ஸ் மாறியை ஸீலேடெக் ஆக்கி, டெக்ஸ்பிரீஆம்பிளில் எழுத்துரு வரிகளை எழுதுங்கள். மேட்பிளாட்லிப்பில் தமிழ் வேண்டுமானால் பிஜிஎஃப் பின்முனை வழியாகப் போவதே நிம்மதி.

எழுத்து சிதறாமல் சுத்தமாகக் காணாமலே போனால், லாக்கில் "மிஸ்ஸிங் கேரக்டர்" வரிகளைத் தேடுங்கள். அந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்ற ஒன்றைக் கொடுங்கள். டாலர் குறிகளுக்குள் தமிழ் எழுதியிருந்தாலும் இதுவே நடக்கும். அங்கே ஆள்வது கணித எழுத்துரு, எனவே தமிழை டெக்ஸ்ட் கட்டளைக்குள் போடுங்கள். இந்த எச்சரிக்கை எளிதில் கண்ணில் படாது என்பதால், டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் மாறியை 3 ஆக்கி வைப்பது நல்ல பழக்கம். டெக் லைவ் 2021 முதல், அப்படிச் செய்தால் காணாமல்போகும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓட்டம் பிழையோடு நிற்கும்.

எஸ்விஜியாக மாற்றினால் உலாவியில் எழுத்து மாறிவிடுகிறது

டெக்கின் வெளியீட்டை எஸ்விஜி படமாக மாற்றும் டிவிஐஎஸ்விஜிஎம், வேறு எதுவும் சொல்லாவிட்டால் எஸ்விஜி எழுத்துரு என்ற வடிவில் எழுத்துகளைப் பொதிக்கும். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அதைப் படிப்பதில்லை. உலாவிக்கு என்றால் ஃபாண்ட்-ஃபார்மேட் சுவிட்சில் வாஃப்2 கொடுங்கள், எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கவும் முடியும். அதே கோப்பை இங்க்ஸ்கேப்பில் திறந்து திருத்தப் போகிறீர்கள் என்றால் நோ-ஃபாண்ட்ஸ் சுவிட்ச். எல்லா எழுத்தும் வளைகோடாக வரும். ஒரே கோப்பு இரண்டுக்கும் உதவாது, இரண்டாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.